குடுவையில் ஓரெழுத்தும் தமிழில்லை!

தமிழனுக்கு விற்கலாம்; தமிழில் எழுத வேண்டா. இதுவே இந்நாட்டு வணிகத்தின் எழுதாத சட்டம் என்று நம்மவர் பலரும் சொல்லக் கேட்கின்றோம். எழுதாத சட்டம் என்பது பிழை. அஃது எழுதப்பட்டே உள்ளது. உறையிட்டு விற்கப்படும் உணவுப் பொருளின்மேல் இருக்க வேண்டிய செய்திகளை ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அச்சிடுதல் வேண்டும் என்பது நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் வகுத்துள்ள விதி. 2011-இல் அவ்வாறு எழுதினர். 2020-இல் விதிகளைப் புதுக்கியபொழுதும் அவ்வாறே எழுதினர். பிறமொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதற்குத் தடையில்லை என்று ஒரு வாலும் அதில் தொங்குகின்றது. தடையில்லையாம்! தமிழ்நாட்டில் தமிழ் எழுதத் தடையில்லை என்று சொல்வதற்கும் ஒரு விதி வேண்டியிருக்கின்றது.

ஊறுகாய்க் குப்பியில் தமிழ் இல்லையென்றால் நம் மானம் போகும், உயிர் போகாது. ஆகையால் நம்மில் பலர் அதனைப் பொறுத்துக் கொண்டோம். ஆனால், இன்று நம் சிற்றூர்களுக்குள் நுழைந்திருக்கும் ஒரு பொருளில் தமிழ் இல்லாமை உயிருக்கே இறுதியாய் முடியக்கூடும். உடற்பயிற்சிக்கு அரைமணி நேரத்திற்கு முன் நீரில் கலக்கிக் குடிக்கச் சொல்லி விற்கப்படும் ஊக்கித் தூளையே சொல்கின்றேன். ‘பிரீ-ஒர்க்கவுட்’ என்பது அவர்கள் இட்ட பெயர். பயிற்சிமுன் ஊக்கி என்று நாம் சொல்லலாம்.

சென்னையிலும் கோவையிலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் உண்ணும் பண்டம் அது, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை ஒருமுறை விடியற்காலையில் சென்று பாருங்கள். வானம் பார்த்த இக்கரிசல் மண்ணில் கண்மாய்க் கரைகளிலும் பள்ளித் திடல்களிலும் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். விளையாட்டிற்காக ஓடுவோர் சிலர். வயிற்றிற்காக ஓடுவோரே பலர். மழை பொய்த்தால் மிளகாயும் இல்லை, பருத்தியும் இல்லை. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்களை எண்ணிவிடலாம். தறியும் வேலிக்கருவேலங் கரிமூட்டமும் தவிர இவர்களுக்கு எஞ்சியிருக்கும் வழி காக்கியுடுப்பு ஒன்றே. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமையத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும், கயிறேற வேண்டும், நீளந் தாண்ட வேண்டும். சில நொடிகளில் ஒரு குடும்பத்தின் வாழ்வே கைநழுவும் என்னும் நிலையில் நிற்பவனிடம், “இதைக் குடித்தால் அந்த நொடிகள் கிடைக்கும்” என்று ஒரு குடுவையை நீட்டினால் வாங்காமல் என்ன செய்வான்?

அந்தக் குடுவையில் இருப்பது என்ன? முதற்பொருள் ‘காபீன்’, நாம் குளம்பி என்று சொல்லும் காப்பியிலும் தேயிலையிலும் இருக்கும் அதே சத்து. ஒரு குவளைத் தேநீரில் ஏறத்தாழ 30 முதல் 50 மி.கி. இருக்கும். ஊக்கித் தூளிலோ பெரும்பாலும் கரண்டிக்கு 150 முதல் 300 மி.கி.; சிலவற்றில் அதனினும் மிகுதி. நலமுள்ள வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 400 மி.கி.க்கு மேலும், ஒரே வேளையில் 200 மி.கி.க்கு மேலும் கொள்ளாதிருத்தல் நன்று என்று ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம் 2015-இல் வரையறுத்தது. இந்தியாவிலும் காபீன் சேர்த்து விற்கும் குடிநீர்களுக்கு இலிட்டருக்கு 300 மி.கி. என்பதே மேல்வரம்பு. அக்கணக்கின்படி 250 மி.இலி. குவளையில் 75 மி.கி.க்கு மேல் இருக்கலாகாது. 300 மி.கி. தூள் ஒரு கரண்டி அத்தகைய குவளை நான்கிற்கு நிகர். அதனை ஒரே மடக்கில் குடிக்கின்றான் நம் பிள்ளை. சிலர் நீரும் இன்றி உலர்மாவையே வாயிலிட்டு விழுங்குகின்றனர். அது மூச்சுக்குழலில் புகும் இடர் வேறு.

உண்மையை மறைத்து எழுத வேண்டிய தேவை நமக்கில்லை. அளவான காபீன் ஓட்டத்திற்கும் எடை தூக்குவதற்கும் ஓரளவு உதவும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் 2004-இல் அதனைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆனால், அஃது எவ்வாறு உதவுகின்றது என்பதை அறிய வேண்டும். உழைக்க உழைக்க மூளையில் ‘அடினோசின்’ என்னும் ஒருபொருள் தன் வாயிலில் சென்று பொருந்தி, “களைத்துவிட்டாய், நில்” என்று சொல்கின்றது. காபீன் அவ்வாயிலை அடைத்துக்கொள்கின்றது. களைப்பு நீங்கவில்லை, களைப்பைச் சொல்லும் வாய்தான் அடைக்கப்பட்டது. அதே வேளையில் நெஞ்சாங்குலை விரைந்து துடிக்கின்றது, குருதியழுத்தம் ஏறுகின்றது. உண்டதில் பாதி உடலினின்று நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும். மாலை 6 மணிக்கு இரு கரண்டி விழுங்கியவன் இரவு 11 மணிக்குப் படுக்கும்பொழுது ஒரு கரண்டி அளவு அவன் குருதியில் ஓடிக்கொண்டிருக்கும். உறக்கம் எங்கிருந்து வரும்? உறங்காதவன் மறுநாள் களைத்திருப்பான். களைத்தவன் மீண்டும் குடுவையைத் திறப்பான்.

இன்னொரு பொருள் ‘பீட்டா அலனின்’. இதனை உண்ட சிறிது நேரத்தில் முகத்திலும் கையிலும் எறும்பூர்வது போலிருக்கும். அவ்வுணர்ச்சி தீங்கற்றது என்றே மருத்துவர் சொல்கின்றனர். நம் இளைஞனோ ஆற்றல் நரம்பெங்கும் பாய்வதாக நம்பிவிடுகின்றான்!

இங்குத் தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். திருக்குறளின் 60-ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. 95-ஆம் அதிகாரம் மருந்து. இரண்டிற்கும் இடையே 34 அதிகாரங்களை வைத்தார் வள்ளுவர். ஊக்கம் உள்ளத்தின் உடைமை. மருந்து உடலுக்கு நோய் வந்தபொழுது தேடுவது. இன்றைய வணிகன் இரண்டையும் ஒரே குடுவையில் அடைத்துவிட்டான். அவன் அடைத்த பொருள்களின் பெயரையாவது உள்ளபடி சொன்னானா என்றால், அதுவும் இல்லை.

‘மெத்தில்எக்சனமீன்’ என்று ஒரு வேதிப்பொருள். இலில்லி என்னும் அமெரிக்க மருந்துக் குழுமம் மூக்கடைப்பு மருந்தாக 1940-களில் கொணர்ந்தது. குருதிக் குழல்களை இறுக்குவது அதன் இயல்பு. 1983-இல் அம்மருந்திற்கான ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. 2000-ஆம் ஆண்டிற்குப் பின் அதே பொருள் ‘செரேனியம்’ என்னும் பூச்செடியின் எண்ணெய் என்று புதுப்பெயர் பூண்டு ஊக்கித் தூள்களில் புகுந்தது. நஞ்சிற்குப் பூவின் பெயர்! அச்செடியில் அப்பொருள் இயற்கையாக உள்ளது என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து ஆட்சித்துறையே பின்னர்க் கூறிவிட்டது. அதற்குள் நடந்தவை பல. 2010-இல் தில்லியில் பொதுநலநாடுகளின் விளையாட்டுப் போட்டி தொடங்குமுன் மற்போர், நீச்சல் முதலியவற்றில் இந்திய விளையாட்டாளர் பலர் இப்பொருளால் ஆய்வில் சிக்கினர். அதே போட்டியில் பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்த நைசீரிய நாட்டு ஓசாயோமியிடமிருந்து பொற்பதக்கம் பறிக்கப்பட்டது; அங்கும் இதே பொருள்தான். 2011 திசம்பரில், படையினர் இருவர் இறந்ததன்பின், அமெரிக்கப் படைத்துறை தன் கடைகளிலிருந்து இப்பொருள் கலந்த தூள்களை அகற்றியது. 2012 ஏப்பிரலில் இலண்டன் நெடுந்தொலை ஓட்டத்தில், முடிவுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒரு மைல் இருக்கையில் 30 அகவைப் பெண் ஒருவர் விழுந்து உயிர்துறந்தார். அவர் குடித்த நீரில் இது கலந்திருந்தது. கடும் உழைப்போடு இப்பொருளும் சேர்ந்ததே சாவிற்குக் கரணியம் என்று 2013-இல் அங்குள்ள இறப்பு ஆய்வாளர் முடிவு கூறினார்.

வெயிலோடு ஊக்கி சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு இன்னும் பழைய சான்றுகள் உண்டு. 1967 சூலை 13-இல் பிரெஞ்சு நாட்டு வாந்தூ மலையேற்றத்தில் மிதிவண்டியாளர் தாம் சிம்ப்சன் கொளுத்தும் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். அவர் உடலில் ‘ஆம்பெட்டமின்’ இருந்தது. 2003 பிப்பிரவரியில் அமெரிக்கப் பந்தாட்டக்காரர் சுடீவ் பெக்லர், 23 அகவையினர், புளோரிடாவில் பயிற்சியின்பொழுது வெப்பத்தாக்கால் மாண்டார்; அவர் உண்டது ‘எபிட்ரா’ கலந்த உடலிளைப்பு மாத்திரை. அடுத்த ஆண்டே அந்நாடு எபிட்ராவைத் தடை செய்தது. களைப்பைச் சொல்லும் வாய் அடைபட்டவன் வெயிலிலும் நிற்காமல் ஓடுவான். குழல்கள் இறுகியவனின் தோல் உடற்சூட்டை வெளியேற்றாது. புளோரிடாவின் பிப்பிரவரி வெயிலே அவ்வாறு கொன்றதென்றால், எங்கள் திருச்சுழிப் பக்கத்துச் சித்திரை வெயிலை எண்ணிப் பாருங்கள்!

என்னிடம் படித்த மாணவன் ஒருவன். இரவில் விசைத்தறி, விடியலில் காவலர் தேர்விற்கு ஓட்டம். தறியில் கண்ணயராமல் இருக்க ஒரு கரண்டி. ஓடுமுன் மீண்டும் இரு கரண்டி. “ஒரு கரண்டி பொம்பளப் பிள்ளைகளுக்கு” என்று யாரோ சொன்னார்களாம்! பங்குனி மாதத்து ஒருநாள் முற்பகலில் ஓடும்பொழுது கீழே விழுந்தான். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போயிற்று. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியதன் அறிகுறி அது என்று மருத்துவர் கூறினர். நல்வினையாக உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தான், பிழைத்தான். ஆனால், அங்கே மருத்துவர் முதலில் கேட்ட வினாவிற்கு அவனால் விடை சொல்ல இயலவில்லை. “என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டார். “பவுடர்” என்றான். அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. மூன்று மாதமாக நாள்தோறும் உண்ட ஒன்றின் பெயர் அவனுக்குத் தெரியாது.

பின்னர் அக்குடுவையை என்னிடம் கொண்டுவந்தான். “ஐயா, இதுல என்னதான் எழுதியிருக்கு?” என்றான். நானும் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவன்தான். உருப்பெருக்கியும் அகரமுதலியும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். முன்புறம் மின்னல் படமும் மண்டையோட்டுப் படமும், அவை அழகிற்காம்! பின்புறம் குதிரைவாலி அரிசியினும் சிறிய எழுத்தில் எச்சரிக்கை. நெஞ்சாங்குலை நோயர், குருதியழுத்தம் உடையோர், 18 அகவைக்கு உட்பட்டோர், கருவுற்ற பெண்கள் உண்ணலாகாது. நாளைக்கு ஒரு கரண்டிக்கு மேல் கூடாது. பிற காபீன் பொருள்களோடு சேர்த்தல் கூடாது. எல்லாம் எழுதியிருந்தது. அவனுக்குத் தெரியாத மொழியில் எழுதியிருந்தது. எது எத்தனை மி.கி. என்று பார்த்தால், ‘எமக்கே உரிய கலவை’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரின்கீழ் ஒன்பது பொருள்களைக் கொட்டி, மொத்த எடையை மட்டும் கொடுத்திருந்தனர். மருத்துவரே படித்தாலும் அளவு தெரியாது. ஆங்கிலம் அறிந்தவனையும் ஏமாற்றும் எழுத்து அது. அறியாதவன் என்ன ஆவான்?

அளவு தெரியாமை எத்துணைக் கொடியது என்பதற்கு ஒன்று சொல்கின்றேன். 2021 சனவரியில் வேல்சு நாட்டில் உடற்பயிற்சியாளர் ஒருவர், 29 அகவையினர், தூய காபீன் தூளை வாங்கிச் சமையலறைத் தராசில் நிறுத்தார். அவர் கொள்ள வேண்டிய அளவு 60 முதல் 300 மி.கி.; அத்தராசு காட்டத் தொடங்குவதே 2 கிராமிலிருந்து. நூற்றுக்கணக்கான குவளைக் குளம்பிக்கு நிகரானது உள்ளே போயிற்று, அன்றே இறந்தார். அவர் ஆங்கிலம் அறியாதவரல்லர், தொழிலே உடற்பயிற்சி. தூய காபீன் தூள் ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 28 குவளைக் குளம்பிக்கு ஈடு என்று அமெரிக்க ஆட்சித்துறை எச்சரித்துள்ளது. நாமோ கரண்டியைக் குவித்து அள்ளுகின்றோம்.

எழுதியுள்ளதையாவது நம்பலாமா? அண்டையில் கேரள மருத்துவர்கள் இந்தியாவில் விற்கும் புரதத் தூள் 36 வகைகளை ஆய்வுக்கு உட்படுத்தி 2024-இல் முடிவை வெளியிட்டனர். பத்தில் ஏழு பங்கு தூள்களில் மேலே எழுதிய புரத அளவு ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. அவை ஊக்கித் தூள்களல்ல. ஆயினும் விற்கும் கடையும் விற்கும் முறையும் ஒன்றே.

தூளோடு நின்றாலும் பரவாயில்லை. இந்திய நகர்களில் உடற்பயிற்சிக்கூடம் செல்வோரிடையே ‘மெபென்டர்மீன்’ என்னும் ஊசி மருந்தும் பரவியிருக்கின்றது. தண்டுவடத்தில் மயக்கமருந்து செலுத்தி அறுவை செய்யும்பொழுது தாழ்ந்துபோகும் குருதியழுத்தத்தை உயர்த்துவதற்காக மருத்துவர் கையாளும் மருந்து அது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதது. அதனை எடைதூக்க ஊசியேற்றிக் கொள்கின்றனர். பழகியவர்க்கு மனநிலை திரிவதையும் விடமுடியாமற் போவதையும் நம் நாட்டு மருத்துவர்களே பதிந்துள்ளனர். தூள் அவ்வூசிக்கு வாயிற்படி.

இனி, நம்மவர் சிலர் எழுப்பும் தடைக்கு வருவோம். “தமிழில் எழுதினால் மட்டும் படிக்கப் போகின்றார்களா? வேதிப்பெயர்களைத் தமிழில் எழுதினால் யாருக்குப் புரியும்?” என்பர். வேதிப்பெயர் ஆங்கிலத்தில் ஆங்கிலேயனுக்கும் புரியாது. அதனைத் தமிழெழுத்தில் ஒலிபெயர்த்து எழுதினால் போதும். மருத்துவரிடம் சொல்லப் பிள்ளைக்கு வாய் வரும். எச்சரிக்கைக்கு வேண்டுவனவோ பத்துப் பன்னிரண்டு எளிய தொடர்கள். அதில் நெஞ்சாங்குலை என்று எழுதாமல் ‘இதயம்’ என்று எழுதினாலும், குருதியழுத்தம் என்னாமல் ‘இரத்த அழுத்தம்’ என்று எழுதினாலும் நான் சினங்கொள்ளேன். சொல்லாய்வை நாம் இவ்விதழில் வைத்துக்கொள்வோம். குடுவையில் பிள்ளைக்கு விளங்கும் தமிழ் இருக்கட்டும். புகையிலைப் பொதிகளில் 2009 முதல் படமாவது அச்சிடுகின்றார்கள்; எழுத்தறியாதவனும் அஞ்சுகின்றான். ஊக்கித் தூளில் அதுவும் இல்லை.

வேறு சிலர், “தில்லி வகுத்த விதி, நாம் என் செய்வது?” என்பர். இவர்கள் 2023 மார்ச்சை மறந்துவிட்டனர். தயிர்ப் பொதியின்மேல் ‘தகி’ என்று இந்திச்சொல்லைப் பொறிக்குமாறு இதே ஆணையம் நம் ஆவின் நிறுவனத்திற்கும் கருநாடகத்திற்கும் கட்டளையிட்டது. தமிழ்நாடு எழுந்து கேட்டது; முதலமைச்சரும் கண்டித்தார்; மாத இறுதிக்குள் ஆணையம் பின்வாங்கியது. தயிருக்காக நிமிர்ந்த நாம் உயிருக்காக ஏன் குனிந்திருக்க வேண்டும்? உணவுக் கலப்படம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ளது; தமிழ்நாட்டரசிற்கும் அதில் வாயுண்டு. 1939-இலும் 1965-இலும் மொழிக்காக உயிர்கொடுத்தவர்களின் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள், மொழியின்மையால் உயிர்போகும் இடத்தில் வாளாவிருப்பது முறையாகாது.

உடற்பயிற்சிக்கூடம் நடத்துவோரே, உங்களிடமும் ஒரு சொல். நீங்களும் தமிழர்களே. பயிற்சிக் கட்டணத்தில் கிடைப்பதைக் காட்டிலும் குடுவைக்குக் கிடைக்கும் தரகு பெரிதாய் இருக்கலாம். இளவட்டக்கல்லைத் தோளுக்குமேல் தூக்கிப் பின்னே எறிந்த நம் பாட்டன்மார் கம்பங்கூழும் நிலக்கடலையும் கருப்பட்டியும் உண்டே தூக்கினர். கூழ் குடித்தால் எறும்பூராது என்பது மெய்தான். ஆனால், கூழ்க் கலயத்தில் எழுதாத அளவு ஏதுமில்லை.

நாம் கேட்பது இதுதான். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வோர் ஊக்கித் தூளின் முன்புறத்தில், பெயரெழுத்தின் பாதியளவிற்குக் குறையாத எழுத்தில், தமிழில் இவ்வாறு இருத்தல் வேண்டும்: “ஒரு கரண்டியில் இத்தனை மி.கி. காபீன் உள்ளது. இஃது இத்தனை குவளைக் காப்பிக்குச் சமம். நாளைக்கு ஒரு கரண்டிக்கு மேல் உண்ணாதீர். 18 வயதுக்கு உட்பட்டவர், இதயநோய் அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர், கருவுற்றவர் உண்ணக் கூடாது. வெயிலில் ஓடுமுன் உண்ணாதீர். தண்ணீரில் கலக்காமல் விழுங்காதீர். நெஞ்சு படபடத்தாலோ மயங்கினாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்க. இக்குடுவையையும் எடுத்துச் செல்க.” ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி அளவு எழுதப்பட வேண்டும், ‘எமக்கே உரிய கலவை’ ஒழிய வேண்டும்.

திங்கட்கிழமைதோறும் விருதுநகரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கின்றது. நம் வட்டத்து அன்பர்கள் ஆளுக்கொரு வெற்றுக் குடுவையோடு வந்து சேருங்கள். அம்மாணவனும் தன் குடுவையோடு வருவதாகச் சொல்லியிருக்கின்றான். வேண்டுகோளை நான் எழுதி வருகின்றேன். கையொப்பம் மட்டும் தமிழில் இடுங்கள்.